கடலுக்கடியில் மினிமம் பேலன்ஸ்

அந்தமானுக்கு மாற்றல் ஆர்டர் வந்த அன்று வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "அங்க பிள்ளைங்களுக்கு நல்ல ஸ்கூல் இருக்கா?" இரண்டாவது கேள்வி, "பேங்க்ல நீங்க என்ன தப்பு பண்ணீங்க?" :-)

தப்பு எதுவும் இல்லை. என் முறை வந்தது, அவ்வளவுதான். அப்படி வந்து சேர்ந்த ஊர் இது. 2024 வரை போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம். கிளையில் பாதிப் பேர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். நானும்தான்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். கடலைப் பார்த்தே வளர்ந்தவன். ஆனால் கடலுக்கு உள்ளே பார்த்தது நாற்பத்து நாலாவது வயதில், ஹேவ்லாக் தீவில் (2018 டிசம்பர் முதல் அது சுவராஜ் தீவு). சக அதிகாரி ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். ஒரு நாள் கூத்தாகப் போனது, நாலு நாள் பயிற்சியாகி, பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம் என்ற ஒரு அட்டையில் முடிந்தது. படித்தது பி.காம். பௌதிகத்தைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவன், இந்த வயதில் அதற்காகவே தலைமுழுக வேண்டியதாயிற்று.

ஏழாவதோ எட்டாவதோ முக்குளிப்பு. எல்லாம் வாடகைச் சாமான். பதினாறு மீட்டர் ஆழம். காற்றழுத்தம் காட்டும் கேஜ் 90 என்று காட்டியது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அப்போதும் 90. "பரவாயில்லையே, நாம ரொம்பச் சிக்கனமா மூச்சு விடறோம்" என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். லெட்ஜர் பேலன்ஸ் பத்து நாளாக அசையாமல் இருந்தால் உடனே சந்தேகப்படுகிற ஆள் நான். அன்று அது தோன்றவில்லை.

முப்பத்தைந்தாவது நிமிடம் வாக்கில் மூச்சு இழுக்கக் கனத்தது. அடைத்துக்கொண்ட ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி. அடுத்த மூச்சு இன்னும் கனம். கேஜ் இன்னமும் 90. முள் சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது, சிலிண்டர் காலி. கையைக் கழுத்துக்குக் குறுக்கே வீசிக் காட்டினேன். கூட வந்த வழிகாட்டி இரண்டே உதைப்பில் வந்து, தன் மஞ்சள் நிற உதிரி வாய்க்குழலை என் வாயில் திணித்தார். மெதுவாக மேலே வந்தோம். கடை யாருடையது என்பதெல்லாம் வேண்டாம். புறப்படும் முன் நான் பார்த்திருக்க வேண்டியதை நானும் பார்க்கவில்லை.

வீட்டில் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "போகாதீங்கன்னு சொன்னா கேட்கப் போறதில்ல. இனிமே வாடகைச் சாமானோட இறங்கக்கூடாது, சொந்தமா வாங்குங்க. ஆனா எதுல காசு மிச்சம் பண்ணலாம், எதுல பண்ணவே கூடாதுன்னு எனக்கு விளங்கணும். விளங்கினாத்தான் செக்ல கையெழுத்து." (ஜாயிண்ட் அக்கவுண்ட்!)

கடைகளில் விசாரித்தால் ஆளுக்கு ஒரு பட்டியல். இணையத்தில் தேடினால் எல்லாமே 'பெஸ்ட்'. கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் என்ன செய்வோம்? பழைய கணக்கை எடுத்துப் பார்ப்போம். சாமான்களுக்கும் அதையே செய்தேன். ஒவ்வொன்றும் எப்போது, எதற்காக வந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததில் புரிந்தது ஒன்றுதான்: இந்த மூட்டையில் அலங்காரத்துக்கு வந்த சாமான் அநேகமாக எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் யாரோ மூச்சுத் திணறிய இடத்தில் வந்து சேர்ந்தது. எந்த ஆபத்துக்காக வந்தது என்று தெரிந்தால், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ரெகுலேட்டர். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கும் காற்றை, நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு இறக்கி, இழுக்கும்போது மட்டும் கொடுக்கிற கருவி. இந்த யோசனை 1860-லேயே வந்துவிட்டது. பெனுவா ரூக்கேரோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர், நச்சுக்காற்று நிறைந்த சுரங்கங்களுக்காக இப்படி ஒன்றைச் செய்தார். 1864-இல் தெனேரூஸ் என்ற கடற்படை அதிகாரியோடு சேர்ந்து அதைக் கடலுக்கு மாற்றினார். ழூல் வெர்ன் நாவலில் கேப்டன் நீமோ பெயர் சொல்லிப் புகழ்வது இந்தக் கருவியைத்தான். குறை எங்கே என்றால், அன்றைய உலோகக் கலங்களில் இன்று போல அழுத்தத்தில் காற்றை அடைக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு மேல் இருக்க வேண்டுமென்றால் மேலேயிருந்து குழாய் வேண்டும்.

அடுத்து லெ பிரியர், இவரும் பிரெஞ்சுக் கடற்படைக்காரர். 1930-களில் உயர் அழுத்த சிலிண்டரை உடம்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். காற்றைக் கையால் திறந்து மூட வேண்டும். இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் காற்று போய்க்கொண்டே இருக்கும். திறந்துவிட்ட தெருக்குழாய் மாதிரி.

இரண்டையும் சேர்த்தது போர்க்கால பிரான்ஸ். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் பெட்ரோல் கிடையாது. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக, ஏர் லிக்கீட் நிறுவனப் பொறியாளர் எமில் கான்யான் ஒரு வால்வு செய்துகொண்டிருந்தார். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ 1942 டிசம்பரில் அவரைப் போய்ப் பார்த்தார். கூஸ்தோவுக்கு இது விளையாட்டுத் தேவை இல்லை. ஏற்கெனவே சுத்த ஆக்சிஜன் கருவியோடு இறங்கி, வலிப்பு வந்து சாகப் பார்த்தவர். ஆழத்தில் சுத்த ஆக்சிஜனே விஷம் என்று பால் பெர் என்ற விஞ்ஞானி 1878-லேயே எழுதி வைத்திருந்தார்.

முதல் சோதனை பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில், 1943 ஜனவரிக் குளிரில். படுத்து நீந்தினால் கருவி சரியாக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று தானாகக் கொட்டியது. தலைகீழானால் வர மறுத்தது. காரணம் ரொம்பச் சின்னது. மூச்சு வெளியேறும் வாயும் உள்ளே வரும் வாயும் ஆறு அங்குலம் தள்ளித் தள்ளி இருந்தன. அந்த ஆறு அங்குலத் தண்ணீரின் அழுத்த வித்தியாசமே போதும், கணக்கு குழம்பிவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தார்கள், தீர்ந்தது. ஜூனில் தெற்கே பாண்டோல் கடற்கரையில் கூஸ்தோ இறங்கினார். மேலே அவர் மனைவி சிமோன், மாஸ்க் போட்டுக்கொண்டு மிதந்தபடியே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்த இடத்தை மட்டும் வீட்டில் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

ஆனால் இன்று நாம் வாயில் வைக்கும் ரெகுலேட்டர் கூஸ்தோவுடையது அல்ல. அவருடையதில் முதுகிலிருந்து இரண்டு தடித்த குழாய்கள் வரும். அதன் காப்புரிமை ஏர் லிக்கீட் கையில். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் டெட் எல்ட்ரெட் என்பவர், அந்தக் காப்புரிமையில் மாட்டாமல் இருக்க வேறு வழி யோசித்தார். ஒரு பாகம் சிலிண்டர் மேலே, இன்னொரு பாகம் வாயருகே, நடுவில் ஒற்றை மெல்லிய குழாய். 1952 வாக்கில் 'போர்பாய்ஸ்' என்ற பெயரில் விற்றார். வாயும் சவ்வும் ஒரே மட்டத்தில் இருப்பதால், எப்படித் திரும்பினாலும் மூச்சு ஒரே மாதிரி வரும். 1960-இல் ஏர் லிக்கீட் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. வியாபாரத்தில் வேறென்ன நடக்கும்?

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்: எழுபது வருஷமாக அடிப்படை மாறவில்லை. பெயருள்ள கம்பெனிகளின் ஆரம்ப விலை ரெகுலேட்டரே என் போன்றவனின் பதினெட்டு மீட்டருக்குத் தாராளம். விலை ஏற ஏறக் கிடைப்பது குளிர்நீரிலும் அதிக ஆழத்திலும் சுகமான மூச்சும், குறைந்த எடையும். அந்தமான் தண்ணீர் பெரும்பாலும் 27 டிகிரிக்கு மேல். பனிக்கட்டி அடைக்காத ரெகுலேட்டர் எனக்கு எதற்கு?

மாறாக, கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இதைப் பிரித்துச் சர்வீஸ் செய்ய, பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் யார்? உதிரிப் பாகம் கிடைக்குமா?" உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களுக்கும் இருக்கைகளுக்கும் ஆயுள் உண்டு. ஆண்டுக்கொரு முறையோ, தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியிலோ பிரித்தாக வேண்டும். பாதி விலைக்கு இணையத்தில் வரும் ஊர்பேர் தெரியாத ரெகுலேட்டருக்கு அந்த வழி இல்லை. பழையது வாங்குவது தப்பில்லை, ஆனால் சர்வீஸ் ரசீது இல்லாத பழையது, பழைய கணக்கே இல்லாத கடன்காரர் மாதிரி. இன்னொன்று, சிலிண்டரில் மாட்டும் முனையில் இரண்டு வகை: கவ்வி மாதிரி யோக், திருகு மாதிரி டின். நீங்கள் போகும் இடத்தில் எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்து, என்னைக் கவிழ்த்த கேஜ். ஆரம்பக்கால முக்குளிப்பவர்களிடம் கேஜே கிடையாது! 1950-களில் சிலிண்டர் வால்வில் ஒரு நெம்புகோல் வைத்தார்கள், ஜே-வால்வு என்று பெயர். சுமார் 20 பார் மீதமிருக்கும்போது மூச்சு கனக்கும், கோலை இழுத்தால் கடைசிச் சேமிப்பு திறக்கும். சிக்கல் என்னவென்றால், எதிலாவது இடித்துக் கோல் முன்னமே இறங்கிவிட்டால் சேமிப்பும் சேர்ந்து செலவாகிவிடும், தெரியவே தெரியாது. 1960-70-களில்தான் அழுத்தக் கேஜ் பரவலாகி ஜே-வால்வை ஓரங்கட்டியது. எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு நிமிடமும் தெரிவது அப்போதுதான் சாத்தியமாயிற்று.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வழக்கமான சிலிண்டர் 11 லிட்டர். 200 பார் என்றால் 2200 லிட்டர் காற்று. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவர், 20 மீட்டர் ஆழத்தில் (அங்கே அழுத்தம் 3 மடங்கு) 60 லிட்டர் செலவழிப்பார். 50 பாரைத் தொடக்கூடாத மினிமம் பேலன்ஸாக வைத்தால், செலவுக்கு 1650 லிட்டர். அதாவது 27 நிமிடம் சொச்சம். இதையெல்லாம் கண்காணிக்கும் பாஸ்புக், உள்ளங்கை அளவுக் கேஜ். இப்போது நான் செய்வது: சிலிண்டரைத் திறந்ததும் கேஜைப் பார்த்தபடியே நாலு மூச்சு இழுப்பேன். முள் இறங்கி ஏறி ஆடினால், வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். கீழே போனபின் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் பார்ப்பேன். குறையாமல் நின்றால் அது நல்ல சேதி அல்ல, கெட்ட சேதி.

என்னைக் காப்பாற்றிய மஞ்சள் வாய்க்குழலுக்கு 'ஆக்டோபஸ்' என்று பெயர். அது வருவதற்கு முன்பு, காற்று தீர்ந்தவரும் இருப்பவரும் ஒரே வாய்க்குழலை மாற்றி மாற்றி இழுப்பார்கள். பதற்றத்தில் இருக்கிறவன் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பானா? நான் அன்று கொடுத்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இதில் ஆடம்பரம் வேண்டாம், ஆனால் இல்லாமல் இருக்கவே கூடாது.

மூன்றாவது, ஆழமும் நேரமும். கூஸ்தோவின் கூட்டாளி மோரிஸ் ஃபார்க் 1947 செப்டம்பரில், துலோன் அருகே ஆழச் சாதனைக்காகக் கயிற்றைப் பிடித்து இறங்கினார். கயிற்றில் ஆங்காங்கே கட்டிய பலகைகளில் கையெழுத்திட்டுக்கொண்டே போக வேண்டும். சுமார் 120 மீட்டரில் இருந்த பலகையில் அவர் கையெழுத்து இருந்தது. அவர் உயிர் இல்லை. ஆழத்தில் நைட்ரஜன் சாராயம் மாதிரி மூளையை மயக்கும், வாய்க்குழல் நழுவியதுகூடத் தெரியாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்தக் கருவியும் ஆழத்துக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

அதே நைட்ரஜன் உடம்பில் கரைந்து, வேகமாக மேலே வந்தால் குமிழியாகி முடக்கிவிடும். இதற்குக் கணக்கு போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன், 1908-இல், ஆடுகளை வைத்துச் சோதித்து. அந்தச் சோதனைகள் நடந்த 1906-இல் அவருடைய 13 வயது மகனும் ஸ்காட்லாந்துக் கடலில் இறங்கினான். பெரியவர்களுக்கான உடை, சிறுவனுக்குத் தொளதொள, தண்ணீர் உள்ளே புகுந்தது. பிழைத்து வந்த அந்தப் பையன்தான் பின்னாளில் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரில் காலமானவர். நம்ம ஊர் ஆளாகிவிட்டவர்!

அந்தக் கணக்கு பல பத்தாண்டுகள் அட்டவணைகளாக இருந்தது. கையில் கட்டும் அளவுக்கு வராவிட்டாலும், கூடவே கொண்டுபோகும் மின்னணுக் கணினிகள் 1983-இல் விற்பனைக்கு வந்தன. இன்று அது ஒரு கைக்கடிகாரம். எத்தனை ஆழத்தில் எத்தனை நிமிடம், நைட்ரஜன் பாக்கி எவ்வளவு, ஏறும் வேகம் சரியா எல்லாம் சொல்லும். காலையில் நான் போட்ட முக்குளிப்பின் பாக்கி மாலைக் கணக்கில் வர வேண்டுமே! வாடகைக் கணினியில் இருப்பது நேற்று இறங்கியவரின் கணக்கு. அதனால் மாஸ்குக்கு அடுத்து என் பணம் கணினிக்குத்தான். ஆரம்ப மாடலே போதும். எழுத்து பெரிதாக, பேட்டரி நாமே மாற்றும்படி இருந்தால் நல்லது. நாற்பது தாண்டிய கண்களுக்கு இது முக்கியம்.

மாஸ்க் ஏன் முதலில்? குளத்தில் போடும் நீச்சல் கண்ணாடியோடு ஆழத்துக்குப் போனால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கிக் கண்ணை வெளியே இழுக்கும். மூக்கையும் உள்ளே வைத்து மூடும் மாஸ்க் வந்தபின் மூக்கால் ஊதிச் சமன் செய்ய முடிந்தது. இதில் விலையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும். ஐந்து மாஸ்க் விழுந்து, ஆறாவது நின்றது எனக்கு. அது ஐந்தையும்விட மலிவு. துடுப்புக் காலணியும் அப்படித்தான். தெ கோர்லியூ என்ற பிரெஞ்சுக்காரர் 1933-இல் காப்புரிமை பெற்றபோது இருந்த தத்துவம்தான் இன்றும். காலைக் கடிக்காத சாதாரண ஜோடி போதும். சின்ன ஹால்டேனின் தொளதொள உடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கவே வேண்டாதது சிலிண்டர். எல்லா இடத்திலும் வாடகைக்கு நிரப்பியே தருவார்கள். நாம் வாங்கினால் குறித்த ஆண்டுகளுக்கொரு முறை நீர்அழுத்தச் சோதனை, உள்பரிசோதனை எல்லாம் நம் தலையில். 1970, 80-களில் 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த சில சிலிண்டர்களில் கழுத்தில் விரிசல் கண்டு, வெடித்ததும் உண்டு. பழைய சிலிண்டர் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்டையும் (1961-இல் ஃபென்சி என்பவர் செய்த கழுத்துப் பையின் பேரன்) தள்ளிப்போட்டேன். வாடகை ஜாக்கெட்டை மேலேயே ஊதிப் பார்த்து, கசிவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆக, செக்கில் கையெழுத்தான வரிசை: மாஸ்க், துடுப்பு, கணினி. ஆறு மாதம் தொடர்ந்து இறங்கியபின், ரெகுலேட்டரும் ஆக்டோபஸும் கேஜும் ஒரே செட்டாக. சிலிண்டரும் ஜாக்கெட்டும் வாடகை. கடைக்காரர் முதல் நாள் கொடுத்த பட்டியலில் பாதிக்கும் கீழேதான் ஆயிற்று.

எங்கள் ஊர்ப் பக்கம் முத்துக்குளிப்பைப் பற்றி ஒன்று சொல்வார்கள். கல்லைக் காலில் கொடுத்து இறங்குகிறவன், மேலே கயிற்றைத் தன் மச்சான் கையில்தான் கொடுப்பானாம். தங்கச்சி தாலி பறிபோகும் என்று அவன்தான் தூங்காமல் பிடித்திருப்பான். சின்ன வயதில் சிரித்துக்கொண்டே கேட்ட கதை. இப்போது எனக்குக் கயிறு இல்லை. ரப்பர் வளையத்தை மாற்றுகிற மெக்கானிக்கும், கூட இறங்குகிறவரும், என் கண்ணும்தான் அந்த மச்சான்.

புது செட்டோடு போன முதல் நாள், அவளும் படகில் வந்தாள். தலைசுற்றல் மாத்திரை போட்டுக்கொண்டு! சிலிண்டரைத் திறந்து நாலு மூச்சு இழுத்தேன். கேஜை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். 200, முள் ஆடவில்லை. திரும்பி வந்ததும் ஹலோ சொல்வதற்கு முன் கையை நீட்டி மறுபடி கேஜை வாங்கிப் பார்த்தாள். 70.

"மினிமம் பேலன்ஸுக்கு மேலதான் இருக்கு" என்றாள். பேங்க்காரன் பெண்டாட்டி!

கொசுறு: கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். ரெகுலேட்டரின் மூடியைப் போடாமல் மட்டும் தண்ணீரில் வைத்துவிடாதீர்கள். உப்பு, ஓவர்ட்யூ வட்டியைவிட மோசம்.